அத்தையின் பொருத்தனைச் சீட்டு

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அத்தை ஒரு பொருத்தனை செய்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்தால் எருசலேமுக்குப் போய், மேற்குச் சுவரில் கைவைத்து ஸ்தோத்திரம் சொல்வதாக. அவனுக்கு இப்போது 9 வயது. மதில் ஏறிக் குதிக்கிறான். அத்தைக்குத்தான் முழங்கால் மடங்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட குழுவோடு நான் போனேன். வேதவசனக் காலண்டரில் கிழித்த ஒரு தாளை எட்டாக மடித்து என் கையில் திணித்து, “பிரித்துப் பார்க்காதே” என்றார்கள்.

“யூதர்கள் ஜெபிக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை?” என்று பஸ்ஸில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தூரதேசத்திலிருந்து வருகிற அந்நியன் விண்ணப்பம் செய்தாலும் கேட்டருளும் என்று, அங்கே முதல் ஆலயத்தைக் கட்டிய சாலொமோன் ராஜாவே பிரதிஷ்டை நாளில் ஜெபித்துவிட்டார். என்னைவிட அந்நியமாக யார் வந்துவிடப் போகிறார்கள்?

பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே ஒருத்தி என் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுக் கை நீட்டினாள். 20 சேக்கல் போனது. வழிகாட்டி கொடுத்ததோ அரை மணி நேரம். அதில் பாதி நெரிசலிலேயே கரைந்தது. ஆண்கள் பக்கம் விசாலமாக இருக்க, பெண்கள் பக்கம் ஏன் இத்தனை குறுகலோ!

மூன்று வரிசை தள்ளி நின்றபடி கற்களை எண்ணினேன். கீழே ஏழு வரிசை, ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டிய ஏரோது ராஜா காலத்தவை. ஆலயத்தின் சுவர்கூட அல்ல இது, ஆலய வளாகத்தைத் தாங்கி நின்ற மதில். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்த பிறகும் இது நிற்கிறது. உயரே விரிசலில் ஒரு செடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகச் சுவரருகே போனால் இடுக்கெல்லாம் ஜெபம் எழுதிச் செருகிய சீட்டுகள். காலண்டர் தாளோ தடிமன். செருகச் செருக விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஜெபப் புத்தகத்தில் முகம் புதைத்திருந்த ஒரு பாட்டி குனிந்து அதை எடுத்தார். முத்தமிட்டார். தலைக்குமேல் ஓர் இடுக்கில் வைத்து ஆட்காட்டி விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். உதடு மட்டும் ஜெபத்தை நிறுத்தவேயில்லை.

நான் இரண்டு கைகளையும் கல்லில் வைத்தேன். எத்தனை கைகள் தடவியதோ, அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. ஊரில் ஜெபிக்கச் சொல்லிப் பெயர் கொடுத்தவர்கள் 11 பேர். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. பெட்டிக்குள் என் விரலைப் பற்றிய அந்தச் சின்னக் கைதான் கண்முன் நின்றது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மற்றவர்களைப் போலவே முதுகு காட்டாமல் பின்னால் நடந்து யாரோ ஒருவர் காலை மிதித்தேன். பஸ்ஸில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அங்கே சேரும் சீட்டுகளை ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து ஒலிவமலையில் புதைப்பார்களாம். இரவு போனில் அத்தையிடம் அதைச் சொன்னேன். அவர்கள் கேட்டது வேறு.

“கல் சுட்டதா?”

“இல்லை அத்தை. காலை நேரம், நிழல் இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.