கத்திரி வெயிலில் ஏர் கூல்டு பைக்: ஆயில் சூடு பற்றி

மே மாதம் பிறந்துவிட்டால் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 போன்ற, காற்றால் குளிரும் ஏர் கூல்டு பைக்கில், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனால் என்ஜின் தாங்குமா? தாங்கும். திண்டிவனம் தாண்டிய பிறகு நாற்கரச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் வண்டிக்கு 40 டிகிரி வெயில் பெரிய பாரம் அல்ல. அதற்கு முன்பே, பெருங்களத்தூரிலும் பரனூர் சுங்கச்சாவடியிலும், விடுமுறை நாள் நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம்தான் ஆயிலை வாட்டுகிறது.

சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் 150 டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்கும்போது, வெளிக்காற்று 30 டிகிரியில் இருக்கிறதா 40 டிகிரியில் இருக்கிறதா என்பதால் குளிர்ச்சி ஓரளவுதான் கூடும் அல்லது குறையும். காற்றின் வேகம் 80-லிருந்து 5-க்கு இறங்கினால் நிலைமையே மாறிவிடும். ஹிமாலயன் 411-லும், அதே நிறுவனத்தின் 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் முன்புறம் ஆயில் கூலர் இருக்கிறது என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். தண்ணீரால் குளிரும் வண்டியின் ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பது போன்ற விசிறி இந்தக் கூலருக்குக் கிடையாது. வண்டி நின்றால் அதன் வேலையும் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் என்ஜினை அணைத்துவிடுவதே நல்லது.

இத்தகைய என்ஜினில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு, பிஸ்டன், கிராங்க் பேரிங், வால்வு இயக்கம் ஆகியவற்றில் சேரும் சூட்டையும் சுமந்து வெளியேற்றுகிறது. பற்றாக்குறைக்குக் கிளட்சும் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. ஆயிலின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் நீண்ட மூலக்கூறுகளைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருப்பதால், கார் ஆயிலைவிட பைக் ஆயில் விரைவில் தளர்ந்துபோகிறது. சூடேறிய ஆயிலின் முதல் அறிகுறியையும் இடது காலில்தான் உணரலாம்: சிக்னலில் நின்றபடி இரண்டாம் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வர முயலும்போது, நெம்புகோல் அதைத் தாண்டி முதல் கியருக்கோ மறுபடி இரண்டுக்கோ போய் விழும். காலையில் அதே கியர் பிசிறில்லாமல் விழுந்திருக்கும். அதையடுத்து, வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் ஓசை சற்றுக் கூர்மையாகக் கேட்கத் தொடங்கும்.

பொதுவாக 80 முதல் 110 டிகிரி வரையிலான வெப்பத்தில் ஆயில் நிம்மதியாக இருக்கிறது. 130-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 80-க்குக் கீழேயே இருப்பதும் நல்லதல்ல என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மார்கழியில் கொடைக்கானலில் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தால், உட்புறத்தில் பால் காப்பி நிறத்தில் பிசுபிசுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். ஆவியாகி வெளியேற வழியில்லாத நீர், ஆயிலோடு கலந்த கலவை அது.

அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கி என்ஜினின் பளபளக்கும் அலுமினிய உறையின் மேல் நீட்டுகிறார்கள். மெருகிட்ட அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால், கருவி காட்டும் எண் உண்மையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட்டை நாணய அளவுக்கு ஓரிடத்தில் பூசி, எப்போதும் அங்கேயே அளந்தால் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும். அதுவும் உறையின் சூடுதான், உள்ளே உள்ள ஆயிலின் சூடு அல்ல. ஆயிலுக்குள்ளேயே இருக்கும்படி பொருத்தும் உணரிதான் சரியான வழி.

அடுத்தது ஆயிலின் தரம் பற்றிய வாக்குவாதம். வெயில் காலத்தில் 15டபிள்யூ-50-க்குப் பதிலாக 20டபிள்யூ-50 ஊற்றினால் சூடு தாங்கும் என்று பட்டறைகளில் இன்றும் சொல்கிறார்கள். முதல் எண் குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிப்பது; 100 டிகிரியில் பாகுநிலையைக் குறிப்பது இரண்டாவது எண், அது இரண்டிலும் 50தான். அதைவிடக் கெட்டியாக 60-க்குப் போனால் ஆயிலின் உள் உராய்வே கூடுதல் சூட்டை உண்டாக்கும். கையேட்டில் உள்ள எண்ணையே வைத்துக்கொண்டு, கனிம ஆயிலிலிருந்து நல்ல சிந்தெட்டிக் ஆயிலுக்கு மாறுவதில் பொருள் உண்டு. டப்பாவில், ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ.2 என்ற தரக்குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

தரத்தைவிட அளவு முக்கியம் என்பேன். இந்த வண்டிகள் பலவற்றில் மொத்த ஆயிலே இரண்டு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஏர் கூல்டு என்ஜினின் வெப்பம் பெரிதும் ஏறி இறங்குவதால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே சற்றுத் தாராளமாக இடைவெளி விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பே. அரை லிட்டர் குறைந்தால் கால் பங்கு போனது போல; மிச்சம் இருப்பது ஓய்வின்றிச் சுற்றிச் சூடேறும். காலையில் புறப்படும் முன் வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் அளவைக் காட்டும் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்க்க அரை நிமிடம் போதும்.

மலை ஏறும்போது கியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஓட்டுநரின் கை தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒருவரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, என்ஜின் அலறக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மூன்றாம் கியரிலேயே திணறித் திணறி ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆயில் பம்ப் என்ஜினின் சுழற்சியோடு கட்டுண்டது. சுழற்சி குறைந்தால் ஆயில் ஓட்டமும் குறைகிறது. அதே நேரத்தில் ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் கூடுகிறது. இரண்டாம் கியருக்கு இறங்கி நிமிடத்துக்கு 4,000 சுழற்சியை ஒட்டி ஏறினால் சத்தம் கூடும், ஆனால் பேரிங்குகளுக்கு ஆயில் தாராளமாகப் போகும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் படம் எடுக்க நிற்பவர்கள் என்ஜினை ஓடவிட்டபடி இறங்குவதும் வேண்டாத வேலை. நிற்பதற்கு முன் சிறிது தூரம் மெல்ல ஓட்டிவந்து அணைத்துவிடலாம்.

கடைகளில் மாட்டிவிடும் கூடுதல் விளக்குகளையும் கவனிக்க வேண்டும். கிராஷ் கார்டில் கூலருக்கு நேர் முன்னால் ஒரு விளக்கைப் பொருத்தினால் அதன் காற்றில் நல்ல பங்கு தடைபடுகிறது. ஓரமாகத் தள்ளி மாட்டச் சொல்லலாம். கூலரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சியும் காய்ந்து அடைந்திருப்பதைப் பழைய பல் துலக்கியால் எடுக்கலாம். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயை மட்டும் அங்கே காட்ட விடாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும்.

ஆயில் மாற்றும் கெடுவை நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டிக்குக் கையேட்டில் உள்ள கெடு சரியானது. கோடை முழுவதும் நகர நெரிசலிலும் மலைப்பாதையிலும் மாறி மாறி ஓடிய வண்டிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆனதுமே மாற்றிவிடுகிறேன். ஃபில்டரையும் சேர்த்துத்தான்.