பிடோக் ஜெட்டியில் ஓடு மிதவை: ஆழத்தை அளந்து தூண்டில் போடுவது

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலுக்குள் சுமார் 250 மீட்டர் நீண்டு நிற்கிறது பிடோக் ஜெட்டி. 1966இல் பழைய இரும்பை இறக்கக் கட்டிய துறை இது, இன்று தூண்டில்காரர்களுடையது. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் 2024இல் பேஷோர் நிலையம் திறந்தபின் கார் இல்லாதவர்களும் சிரமமில்லாமல் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து விரைவுச்சாலையைக் கடந்து, பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ராடு (தூண்டில் கோல்), இரைப்பெட்டி, வாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்கப் பிடிக்காதவர்கள் தள்ளுவண்டி கொண்டுவருகிறார்கள்.

இங்கே பலரும் கனமான ஈயம் கட்டி அடியில்தான் போடுகிறார்கள். கெளுத்தி, திருக்கைக்கு அது சரி. ஆனால் பராங், செலார், சீலா, முரல் போன்ற மீன்களெல்லாம் அடிமண்ணில் படுத்துக் கிடப்பவை அல்ல. நடுத்தண்ணீரிலும் மேல்தண்ணீரிலும் திரிபவை. அவற்றின் மட்டத்தில் இரையை நிறுத்த மிதவை வேண்டும். சாதாரண மிதவையைத் தூண்டில் நரம்பில் இறுக்கிக் கட்டினால், மிதவைக்கும் முள்ளுக்கும் நடுவே ராடு நீளத்துக்கு மேல் விட முடியாது. சுருட்டும்போது மிதவை ராடு நுனி வளையத்தில் வந்து முட்டிக்கொள்ளும். 3 மீட்டர் ராடு என்றால் 3 மீட்டர் ஆழம், அவ்வளவுதான். ஓடு மிதவை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மிதவை நரம்பில் தாராளமாக ஓடும். மேலே கட்டிய ஒரு சின்ன நூல் முடிச்சு வந்ததும் நிற்கும். முடிச்சு வளையங்கள் வழியாக ரீலுக்குள்ளேயே போய்விடும் என்பதால் ஆழத்துக்கு வரம்பில்லை.

மேலிருந்து கீழாகக் கோக்கும் வரிசை இது: நூல் முடிச்சு, சின்ன மணி, மிதவை, இன்னொரு மணி, ஓட்டையுள்ள குண்டு ஈயம், ரப்பர் மணி, சுவிவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு வளையம்). சுவிவலுக்குக் கீழே 60 முதல் 100 செ.மீ. வரை லீடர் (முள் கட்டும் தனி நரம்புத் துண்டு), கடைசியில் முள். மேல் மணியைச் சேமிக்கிறேன் என்று விட்டுவிடக் கூடாது. மிதவையின் துளை பெரிது, முடிச்சு அதற்குள் நுழைந்து போய்விடும். மணியின் துளை ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சுவிவலுக்கு மேலே உள்ள ரப்பர் மணி, ஈயம் வந்து சுவிவல் முடிச்சை இடித்து நைந்துபோகச் செய்யாமல் காக்கும்.

ரிக்கில், அதாவது இந்த மொத்த அமைப்பில், மிகச் சின்னது நூல் முடிச்சு, அதிகம் தகராறு செய்வதும் அதுதான். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) தையல் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் நூலே போதும். 20 செ.மீ. வெட்டி, நரம்போடு சேர்த்து வைத்து, ஒரு கண்ணியாக மடித்து, நூலின் முனையைக் கண்ணிக்குள் விட்டு நரம்பையும் சேர்த்து ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். பின்னல் நரம்பு வழவழப்பானது, அதற்கு ஏழெட்டுச் சுற்று. இறுக்கியபின் இரண்டு வால்களையும் ஒட்ட நறுக்குவது பலர் செய்யும் தவறு. குட்டையான வால் விறைத்து நின்று ஒவ்வொரு வளையத்திலும் தட்டும், வீச்சு குறையும். ஒன்றரை, இரண்டு செ.மீ. விட்டால் வால் மடிந்து வழுக்கிப் போகும். முடிச்சை நகர்த்தும் போதெல்லாம் நரம்பை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நைலானில் இழுத்தால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பழுதாகி, நல்ல மீன் வரும்போது அங்கேதான் அறும்.

கனக்கணக்கைப் பார்ப்போம். 20 கிராம் தாங்கும் மிதவைக்கு 15 கிராம் ஈயம் பொருத்தம். மிச்ச 5 கிராம் இரைக்கும் நீரோட்டத்துக்கும். ஈயம் மிகக் குறைந்தால் நரம்பு மிதவைக்குள் ஓடவே ஓடாது. இரை மேலேயே தொங்கும், நீங்களோ ஏழு மீட்டரில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்பொல்லோ ரிக்கில் (சின்ன முள்களை வரிசையாகக் கட்டிய நரம்பில்) பிடித்த உயிர்த் தம்பானை (சின்ன மத்தி வகை மீனை) முள்ளில் போடுவதானால் 30 கிராம் மிதவைக்குப் போங்கள், ஈயத்தையும் கூட்டுங்கள். இல்லையென்றால் தம்பான் மிதவையையே இழுத்துக்கொண்டு மேலே சுற்றும்.

வீசுமுன் மிதவை கீழே இறங்கி ஈயத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். மொத்தமும் ஒரே கட்டாக இருப்பதால் கீழிருந்து ஊஞ்சலாட்டி மெல்லத் தள்ளினாலே போய் விழும். வார இறுதியில் பின்னால் குழந்தைகளும் சைக்கிளும் போகிற ஜெட்டியில் தலைக்கு மேலே ராடை வீசுவது ஆபத்து. ஓடு மிதவைக்கு அது தேவையும் இல்லை. தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன் ஸ்பூலை (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையை) விரலால் லேசாக அழுத்திப் பிடித்தால் லீடர் முன்னால் நீண்டு விழும், மிதவையைச் சுற்றிக்கொள்ளாது. விழுந்ததும் ரீல் கம்பியை (நரம்பை ஓடவிடாமல் பிடிக்கும் வளைகம்பியை) மூடாதீர்கள். நரம்பு ஓடட்டும். முதலில் மிதவை சாய்ந்து படுத்திருக்கும். முடிச்சு மணியில் வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து நிற்கும். அதன்பிறகு மூடலாம். அவசரப்பட்டு மூடினால் இரை நேர்கீழே இறங்காமல் உங்களை நோக்கி வளைந்து வந்து தூணுக்கடியில் போய் மாட்டும்.

ஆழத்தை அளக்க, ஓட்டம் நின்றிருக்கும் நேரத்தில் முள்ளில் 40 கிராம் ஈயம் ஒன்றை மாட்டிப் போடுங்கள். மிதவை முழுகிப் போனால் முடிச்சு தாழ்வாக இருக்கிறது, மேலே ஏற்றுங்கள். மிதவை படுத்தால் நரம்பு அதிகம். நுனி மட்டும் தெரியும் இடம்தான் அந்த நேரத்தின் ஆழம். முள்ளிலிருந்து முடிச்சுவரை ராடால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தின் ஆழம் என்பதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண். சிங்கப்பூர்க் கடலில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். தேசியச் சுற்றுப்புற வாரியம் நேரத்தையும் உயரத்தையும் இணையத்தில் போடுகிறது. அதிலுள்ள எண் ஜெட்டியடித் தண்ணீரின் ஆழம் இல்லை. வரைபடத்துக்கென்று வைத்த அடிமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதே. நமக்குத் தேவை வித்தியாசம் மட்டும். இறக்கம் 0.6, ஏற்றம் 3.0 என்றால் ஆறு மணி நேரத்தில் 2.4 மீட்டர் ஏறப்போகிறது. ஒரே சீராகவும் ஏறாது. பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. அதாவது 20, 40, 60, 60, 40, 20 செ.மீ. தோராயக் கணக்குதான், ஆனாலும் கைகொடுக்கும்.

மிதவை தண்ணீரோடு சேர்ந்து ஏறும். ஆகவே மேல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டரில் பராங்குக்குப் போட்டிருப்பவர் முடிச்சைத் தொட வேண்டாம். களவா மீனுக்காக அடியிலிருந்து அரை மீட்டரில் நிறுத்தியவரின் நிலை வேறு. மூன்றாவது மணி முடியும்போது அவருடைய இரை அடியிலிருந்து 1.7 மீட்டர் மேலே தொங்கும். நடு மணிகளில் அரை மணிக்கு ஒருமுறை முடிச்சை 30 செ.மீ. ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இறங்கு தண்ணீரில் நேர்மாறு: இரை மண்ணில் உட்கார்ந்து மிதவை படுத்துவிடும், மீன் தூக்குகிறது என்று எண்ணி ஆசையாக இழுப்பார்கள்.

ஓட்டமும் ஆழத்தைத் தின்னும். மிதவையைப் பிடித்து நிறுத்தினால் கீழே நரம்பு சாயும். 30 பாகை சாய்ந்தால் 8 மீட்டர் நரம்பு 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆழம் கொடுக்கும்; 45 பாகை என்றால் 5.7தான். ஈயத்தைக் கூட்டுவது ஒரு வழி. நாளைத் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்ல வழி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும், மிதவைக்கு ஏற்ற அமைதி கொஞ்ச நேரமே. அட்டமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் நிதானமாக நடக்கும். எந்த நாளானாலும் ஓட்டம் ஜெட்டியைவிட்டு விலகிப் போகும் பக்கத்தில் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் மிதவை தூண்களுக்குள் போய்விடும்.

பராங், சீலா, முரல் மூன்றுக்கும் பல் கூர்மை. லீடரின் கடைசி 10, 15 செ.மீ. மெல்லிய கம்பியாக இருக்கட்டும். முள்ளே காணாமல், நரம்பு கத்தரித்தாற்போல் வந்தால் பேத்தை மீனாகவும் இருக்கலாம். அது நஞ்சுள்ளது, மாட்டினால் விட்டுவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம். உயிர் இறாலைக் கொம்புக்கு அடியில் குத்துங்கள், உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொட்டால் உடனே சாகும். சந்தை இறாலானால் தோலுரித்து முந்தின இரவே உப்பில் போட்டு வைத்தால் சதை இறுகி முள்ளில் நிற்கும். மிதவை முழுகியதும் ராடை வெட்டி இழுக்காமல், தளர்ந்த நரம்பைச் சுருட்டி, கனம் கையில் தெரிந்த பிறகு பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். மிதவையில் நரம்பு கோணமாகத் திரும்புகிறது, குட்டையான இழுப்பு முள்வரை போய்ச் சேராது.

ஜெட்டித் தளம் தண்ணீரைவிட நல்ல உயரத்தில் இருப்பதால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனை நரம்பால் தூக்கக் கூடாது. கயிற்றில் இறக்கும் வட்டவலை கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் “அண்ணே, கொஞ்சம் வலை போடுங்க” என்றால் யாரும் மறுப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வரும். மேற்கே வானம் கறுத்தால் கார்பன் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு நடையைக் கட்டுங்கள். கார்பனில் மின்சாரம் பாயும். அறுந்த நரம்பைக் கடலில் விடாமல் சுருட்டிக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இதே ரிக்கை நீர்த்தேக்கங்களுக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: அங்கே குறித்த இடங்களில் மட்டுமே அனுமதி, இரையும் செயற்கை இரை மட்டும். இறாலும் தம்பானும் கடலோடு நிற்கட்டும்.