ஊதாச் சில்லில் ஒரு கறை

ஜூலை 8, 2025, செவ்வாய், பெங்களூரு

நாள் முழுக்க டேப் ஒட்டிப் பிரிக்கிற வேலை. மாலிப்டினம் டைசல்ஃபைடு படிகத்திலிருந்து ஒற்றைத் தாள் எடுக்க, அதை நீல டேப்பில் வைத்து மடி, பிரி, மறுபடி மடி. 2004-இல் மான்செஸ்டரில் விஞ்ஞானிகள் கைமும் நொவோசெலோவும் கிராஃபைட்டை இப்படித்தான் உரித்து, ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை எடுத்தார்கள். 2010-இல் நோபல் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது விரலெல்லாம் பசை.

ராத்திரி அப்பா போன் செய்தார். ஈரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரிடம் பொருளின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஆக்சிலுக்குப் போடுற கருப்பு கிரீஸ்ல இருக்கிறதுதானே? அதுக்கா கண்ணு பெங்களூரு போனே?"

மறுக்க முடியவில்லை. கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூன்று அணு வரிசை சேர்ந்தால் ஒரு தாள். தாளுக்குள் கெட்டிப் பிணைப்பு. தாளுக்கும் தாளுக்கும் நடுவே பேருக்கு ஒரு பிடிப்பு. கிரீஸில் வழுக்குவதும் அதனால்தான், என் டேப்பில் உரிவதும் அதனால்தான்.

ஜூலை 10, வியாழன்

டேப்பில் உரிந்த துண்டுகளைச் சிலிக்கான் சில்லில் ஒட்டி, நான்கு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் தேடல். சிலிக்கான் சில்லின் மேல் 300 நானோமீட்டர் ஆக்சைடு இருப்பதால் சில்லே கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். தடித்த துண்டுகள் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். அவை வேண்டாம். ஒற்றைத் தாளின் தடிமன் 0.65 நானோமீட்டர்தான், ஊதாவில் லேசான கறைபோல ஒதுங்கிக் கிடக்கும். மூன்று தடவை லென்ஸ் தூசியைப் பார்த்து ஏமாந்தேன். ஆறு மணிக்கு, வெளியே மழை பிடித்தபோது, ஒன்று சிக்கியது.

ஜூலை 11, வெள்ளி

ராமன் அளவீடு, அதாவது லேசரைப் பாய்ச்சிச் சிதறி வரும் ஒளியை அளப்பது. தடித்த படிகமாக இருந்தால் அதில் தெரியும் இரண்டு முகடுகளுக்கும் இடைவெளி 25 அலகு இருக்கும். எனக்கு 19 வந்தது. ஒற்றைத் தாளேதான்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். படிகம் அனேகமாக ஒளிராது, ஒற்றைத் தாளாகிவிட்டால் சிவப்பாக ஒளிரும். அதையும் இன்றே பார்த்துவிட ஆசை. லேசரின் பலத்தைக் குறைக்கும் வடிகட்டியைக் கழற்றிய நான் திரும்பப் போட மறந்தேன். பச்சை லேசர் முழுப் பலத்தோடு விழுந்தது. தாளின் நடுவில் ஓட்டை.

சீனியர் அக்கா திட்டவில்லை. "நான் மூணு எரிச்சிருக்கேன், வா" என்று காபிக்கு இழுத்துப்போனார். காபி இறங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி டேப். லேசர் மேசையில் 'வடிகட்டி போட்டாச்சா?' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன், அதே நீல டேப்பால்.

அப்பா வாட்ஸ்அப்பில் கிரீஸ் டப்பா படம் அனுப்பியிருக்கிறார்: "இதுல எத்தனை தாள் இருக்கும்?"