மெத்தனால் வாங்கப் பட்ட பாடும் வீட்டுப் பயோடீசலும்

என் பழைய டீசல் கார் இப்போது வீட்டில் தயாரித்த பயோடீசலில் ஓடுகிறது. பொரித்து முடித்த சமையல் எண்ணெய், மெத்தனால் என்ற ஆல்கஹால், காஸ்டிக் சோடா, இந்த மூன்றும்தான் சரக்கு. செய்முறை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்ததே: எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால், அளந்து போட்ட காஸ்டிக் சோடா, 55 டிகிரி சூடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கலக்கல், ராத்திரி முழுக்கத் தெளியவிடுதல். அதைச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சரக்கைச் சேர்ப்பதற்குள் யார் யார் கையை விரிப்பார்கள், எந்த இடத்தில் காரியம் கெடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. எங்கோ ஒரு ஜலசந்தியில் கப்பல் நின்றால் நம் அடுப்பும் வண்டியும் நிற்கும் என்ற நிலை இன்னும் மாறவில்லை. ஆனால் டீசல் இன்ஜின் பிறந்த காலத்திலேயே இதற்கு மாற்று இருந்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 1937-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் சவான், பனை எண்ணெயை ஆல்கஹாலோடு சேர்த்து எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு அந்த எரிபொருளில் பேருந்தே ஓடியது. பெட்ரோல் கார் வைத்திருப்பவர் இதைக் கனவுகூடக் காண முடியாது. பொறி இல்லாமல், அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்கிற இன்ஜினுக்குத்தான் இந்தச் சுதந்திரம். எனக்கு டீசல் காரின் மேல் உள்ள பிடிப்புக்கு முதல் காரணம் இதுதான், மைலேஜ் எல்லாம் அப்புறம்.

சரி, மெத்தனாலுக்கு வருகிறேன். ரசாயனக் கிடங்கில் போய்க் கேட்டேன். "எதற்கு?" என்றார் கவுன்டரில் இருந்தவர். சொன்னேன். "கம்பெனி லெட்டர்ஹெட் இருக்கிறதா? தனி ஆளுக்குத் தர மாட்டோம்." அவர் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. மெத்தனால் குடித்தால் கண் போகும், உயிர் போகும். கள்ளச்சாராயத்தில் கலந்து எத்தனையோ சாவுகள் நடந்திருக்கின்றன. ஆனால் வேறு எந்தக் காகிதம் காட்டினால் தருவீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. "அனுமதி வாங்கி வாருங்கள்" என்றார். யாரிடம்? "அது உங்கள் வேலை."

அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் கதை இன்னும் மோசம். அங்கே இருந்த படிவத்தில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று கட்டங்கள் இருந்தன. பயோடீசலுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத பொருளுக்கு விண்ணப்பம் வாங்க முடியாது என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். பக்கத்துச் சாளரத்தில், இது ரசாயனம், இங்கே வராது என்றார்கள். ரசாயனப் பிரிவில், எரிபொருள் என்றால் முதல் சாளரத்துக்கே போங்கள் என்றார்கள். பாதி நாள் போனது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இறக்குமதி எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள், அதைச் செய்ய வருகிற ஒருவரை உட்காரவைத்து இரண்டு நிமிடம் கேட்க ஆள் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரே ஒரு பக்கக் கடிதம். இதைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் உதவும். மாதத்துக்கு எத்தனை லிட்டர் மெத்தனால், எந்த மாதிரி கேனில், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கப்போகிறேன், தீயணைப்பான் எந்த வகை, கழிவை என்ன செய்வேன், தயாரிப்பு முழுக்க சொந்த வண்டிக்கே, விற்பனை கிடையாது என்று வரிசையாக எழுதினேன். கூடவே மெத்தனாலின் பாதுகாப்புத் தகவல் தாளை இணைத்தேன். பிரிட்டனில் 2007 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்கு எரிபொருள் வரிப் பதிவிலிருந்து விலக்கு தந்திருப்பதையும் குறிப்பிட்டேன். இது விபரீத ஆசை இல்லை, அரசுகள் ஏற்றுக்கொண்ட பழக்கம்தான் என்று புரிய வேண்டுமே. எழுத்தரிடம் கொடுக்காமல் மேலதிகாரியைப் பார்த்து நேரில் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்விகள். கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலைக் காட்டியதும் கிடங்கில் ஒரு பேச்சும் இல்லாமல் கேன் கிடைத்தது. உங்கள் ஊரில் வரி விதி, தீ விதி என்ன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும்.

எண்ணெய் கிடைப்பது எளிது, நல்ல எண்ணெய் கிடைப்பது கஷ்டம். ஒரு உணவகச் சமையலறையில் கேன் கேனாகத் தருகிறோம் என்றார்கள். வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தெளியவைத்தால் அடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர். கால் பங்குக்குக் குறையாது. போன டீசல் வீண், அந்தத் தண்ணீரைக் கொட்டுவது அடுத்த வேலை. அதிலிருந்து, வாங்கும் இடத்திலேயே சோதிக்கிறேன். ஒரு கரண்டி எண்ணெயை 100 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அமைதியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். கேனின் மேலாக அள்ளாதீர்கள், அடியிலிருந்து குழாய் விட்டு எடுத்த எண்ணெயைத்தான் சூடாக்க வேண்டும்.

அடுத்தது காஸ்டிக் சோடா. இங்கேதான் என் முதல் பேட்ச் பாழானது. விற்றவர் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து, கேட்கக் கேட்கப் பாலிதீன் பையில் அள்ளிக் கொடுக்கிறவர். பையில் 99 சதவீதம் என்று ஒட்டியிருந்தது. காஸ்டிக் சோடா காற்றிலிருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். திறந்து கிடந்த மூட்டையில் அது காஸ்டிக் சோடாவாகவே இருக்காது. எடை சரியாக இருக்கும், வேலை நடக்காது. எண்ணெய் அரைகுறையாக மாறி, மிச்சம் சோப்பாகிவிட்டது. கழுவத் தண்ணீர் விட்டதும் டிரம் முழுக்க வெள்ளைக் களிம்பு போல உறைந்து நின்றது. உப்புத் தண்ணீர் விட்டு, சூடாக்கி, ஒருவழியாகப் பிரித்தேன். தேறியது பாதிகூட இல்லை. சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள், திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கட்டி கட்டியாக, மேலே வெள்ளை மாவு பூத்திருந்தால் தொடவே தொடாதீர்கள்.

எவ்வளவு காஸ்டிக் சோடா என்பதை எண்ணெய்தான் சொல்ல வேண்டும். பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும், அதைச் சமன் செய்யக் கூடுதலாகப் போட வேண்டும். ஒரு லிட்டர் வாலை வடிநீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி எண்ணெயைக் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலின் (அமிலம் தீர்ந்ததும் சிவக்கும் நிறங்காட்டி) விட்டு, அந்தக் கரைசலைச் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தோன்றிக் குலுக்கியதும் ஓடிவிடும். அப்புறம் ஓடத் தயங்கும். ஒரு சொட்டில் குப்பி முழுக்கச் சிவந்து அரை நிமிடம் அப்படியே நிற்கும். அங்கே நிறுத்துங்கள். எத்தனை மில்லி விட்டீர்களோ அத்தனை கிராம், அடிப்படையான 5 கிராமோடு சேர்த்து, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு. எனக்கு 2.5 மில்லி வந்தது, அதாவது லிட்டருக்கு 7.5 கிராம். 5 மில்லியைத் தாண்டுகிற எண்ணெயை நான் வாங்குவதில்லை, சோப்புதான் மிஞ்சும்.

நல்ல சரக்கோடு செய்த பேட்ச் ஒரு சிக்கலும் தரவில்லை. சில எச்சரிக்கை மட்டும். மெத்தனால் 65 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி, மூடிய கலன், பக்கத்தில் நெருப்பே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். எண்ணெய் பயோடீசலாக மாறும்போது பிரிந்து அடியில் தங்கும் கிளிசரினைச் சூடு ஆறுவதற்குள் வடித்துவிடுங்கள், குளிர்ந்தால் இறுகிப்போய்க் குழாயை அடைக்கும்.

மூன்று தண்ணீர் கழுவி, சூடுகாட்டிக் காயவைத்த பிறகு, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கினேன். மாறாத எண்ணெய் மிச்சமிருந்தால் குப்பியின் அடியில் துளியாக உட்காரும். ஒரு துளி இல்லை. தெளிந்த தண்ணீர் மாதிரி நின்றது. பாழான முதல் பேட்சையும், சாளரம் சாளரமாக நின்றதையும் அந்தக் குப்பி மறக்கடித்துவிட்டது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காரைப் பற்றி. பயோடீசல் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளகச் செய்யும் என்பதால், டேங்குக்கு ஊற்றும் முன்பே எரிபொருள் ஹோஸ்களை எல்லாம் ‘விட்டான்’ (Viton, பயோடீசலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) ஹோஸாக மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் விட்டேன். பில்லில் விட்டான் என்றே போட்டிருந்தார். கொஞ்ச நாளில் பம்ப் பக்கம் ஈரம் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் சாதாரண ரப்பர் ஹோஸ், விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கேட்டதற்கு, "உங்கள் வீட்டு எண்ணெய் ஊற்றினால் இப்படித்தான் ஆகும்" என்று பழியை எரிபொருள் மேல் போட்டார். வேறு இடத்தில் என் கண் முன்னே மாற்றவைத்தேன், அதன்பிறகு ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஹோஸின் மேல் அச்சடித்திருக்கும் குறியைப் பொருத்துவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஃபில்டர் அடைத்தால் பயப்பட வேண்டாம். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த டீசல் கசடைப் பயோடீசல் கரைத்து இழுத்துவரும். கால் பங்கு கலந்து ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள், மாற்று ஃபில்டர் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏனென்றால் லிட்டருக்கு லிட்டர் டீசலைவிட எரிசக்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே குறைவு. பதிலுக்கு இன்ஜின் சத்தம் அடங்கியிருக்கிறது, கரும்புகை காணோம், கந்தகம் என்ற பேச்சே கிடையாது. குளிர் காலத்தில் மட்டும் டீசலைக் கூடக் கலக்குங்கள், பனை எண்ணெயிலிருந்து வந்த பயோடீசல் 15 டிகிரி அளவிலேயே கலங்க ஆரம்பிக்கும்.

புகை வடிகட்டி வைத்த புதிய காமன் ரெயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும்) கார்களில் இதை முழுதாக ஊற்றாதீர்கள். வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய, பல கார்களில் எரிதல் முடிகிற கட்டத்தில் கூடுதல் எரிபொருள் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பயோடீசல் எளிதில் ஆவியாகாது, சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜின்தான் இதற்கு ஏற்றது. அப்படி ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

கிளிசரினில் மெத்தனால் கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவு வாங்கும் நிலையத்தில் முதலில் வேண்டாம் என்றார்கள், கடிதத்தில் கழிவு பற்றி எழுதியிருந்த பத்தியைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். தயாரித்த பயோடீசலை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் கெட ஆரம்பிக்கும். கேன் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.