கிராகோவில் ஜெல்லியில் உறைந்த கெண்டை

போலந்தின் கிராகோவ் நகரில், தோழியின் வீட்டில் தங்கியிருந்த டிசம்பரில், 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தான விகிலியாவுக்குக் கெண்டை மீனை ஜெல்லியில் உறைய வைக்கும் வேலையில் அவளுடைய அம்மா என்னையும் சேர்த்துக்கொண்டார். அன்று இறைச்சி சமைப்பதில்லை. வழக்கப்படி 12 வகை உணவுகள் வைக்கப்படும் அந்த மேசையில் கெண்டைக்குத் தனி இடம் உண்டு.

22-ஆம் தேதி மாலை, சந்தையில் தொட்டித் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த மீனை வாங்கினோம். கிராகோவுக்கு மேற்கே உள்ள சாத்தோர் ஊர்க் குளங்களில் வளரும் கெண்டைக்கு நல்ல பெயர் உண்டு. ஆனாலும் குளத்து மீனுக்குச் சேற்று வாடை இருக்கும் என்பதால், முன்பெல்லாம் உயிருள்ள மீனை வீட்டுக் குளியல் தொட்டியில் சில நாள் விட்டுவைப்பார்களாம். மீன் என்றதும் என் கை மஞ்சளையும் புளியையும் தேடியது. அம்மாவோ துண்டுகளின் மேல் உப்பைத் தூவி, வெங்காய வளையங்களை நெருக்கமாக அடுக்கி, இரவு முழுவதும் குளிரில் வைத்தார். காலையில் முகர்ந்து பார்த்தபோது வாடை போயிருந்தது.

இந்த உணவின் உயிர் மீன் துண்டில் இல்லை, சாற்றில்தான் இருக்கிறது. கசப்பு இறங்காமலிருக்கச் செவுளையும் கண்களையும் நீக்கிய தலை, துடுப்புகள், வால், முள் ஆகியவற்றை, கேரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ், மிளகு ஆகியவற்றோடு குளிர்ந்த நீரில் போட்டு, ஓரிரு குமிழி மட்டும் எழும் அளவுக்குச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். அவர் அடுத்த அறைக்குப் போயிருந்த நேரத்தில், சீக்கிரம் ஆகட்டும் என்று நான் தீயைக் கூட்டிவிட்டேன்; சாறு தளதளவென்று கொதித்துப் பால்போலக் கலங்கியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. சாற்றை வடிகட்டி ஆறவைத்து, 2 முட்டைகளின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கலந்து, மறுபடி மெல்லச் சூடேற்றினார். வெள்ளைக் கரு இறுகி மேலெழும்போது கலங்கலையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு சாம்பல் நிற ஆடையாகத் திரண்டது. அதைக் கலைக்காமல் துணியில் வடித்தபோது, கிண்ணத்தின் அடியிலிருந்த பூ வேலைப்பாடு சாற்றின் ஊடே தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சாற்றில்தான் மீன் துண்டுகளைக் கொதிக்க விடாமல் வேகவைத்து எடுத்தோம். மீனின் முள்ளும் தோலும் தரும் பசை ஆட்டுக்காலின் பசையைப்போல உறுதியாக இறுகாது. அதனால் லிட்டருக்கு 20 கிராம் அளவில், தண்ணீரில் ஊறிய ஜெலட்டினைச் சூடான சாற்றில் கரைத்தோம். முதலில் மெல்லிய அடுக்காக ஊற்றி, அது உறைந்தபின் கேரட் வில்லைகள், அவித்த முட்டைத் துண்டுகள், பார்ஸ்லி இலைகள், மீன் என அடுக்கி, மீதிச் சாற்றால் மூடினோம். பனி படர்ந்த பால்கனியே குளிர்சாதனப் பெட்டி. பனிக்கட்டியாகிவிடக் கூடாதென்று அடிக்கடி கதவைத் திறந்து பார்த்தோம்.

விருந்தில் எலுமிச்சை பிழிந்து, காரம் மூக்கில் ஏறும் குதிரை முள்ளங்கித் துருவலோடு உண்டோம். குளிர்ந்த மீன் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நாக்கின் சூட்டில் ஜெல்லி கரைந்து மறுபடி சாறாக மாறியபோது மிளகும் செலரியும் ஒன்றாக மணத்தன. நம் வீட்டு மீன்குழம்பைப்போல இதுவும் மறுநாள் காலையில்தான் கூடுதலாக ருசித்தது. ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டியோடு இரண்டு துண்டுகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.