ஹால் ரப்பர் செடியும் அப்பாவின் வெட்டுக்கத்தியும்

மே 30, குலசேகரம்

கிழக்கு ஜன்னலோரம் நிற்கும் ரப்பர் செடியின் உச்சி சீலிங்கைத் தொட்டுவிட்டது. கீழ்ப்பாதி வெறும் தண்டு. மேலே மட்டும் கரும்பச்சை இலைகள் நெருக்கமாக நிற்கின்றன. வெட்டிவிடலாம், ஆனால் இவ்வளவு அழகான உச்சியைக் குப்பையில் போட மனசு வரவில்லை. விண்பதியம் போட்டு, அதாவது செடியில் இருக்கும்போதே தண்டில் வேர் பிடிக்கவைத்து, அதையே தனிச் செடியாக எடுக்கப்போகிறேன். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காற்றில் ஈரம் இருக்கும், வேர் விட அது தோதான காலம்.

பக்கத்து வீட்டு மாமி, "இதுலயும் பால் வெட்டலாமா மோளே?" என்று கேட்டார். ரப்பர் தோட்டங்கள் உள்ள இந்த ஊரில் நியாயமான கேள்விதான். அந்தத் தோட்டங்களில் நிற்பது அமேசான் காட்டிலிருந்து வந்த ஹீவியா மரம், ஆமணக்குக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளி) சொந்தம். எங்கள் ஹாலில் நிற்பது ஃபைகஸ் எலாஸ்டிகா. அசாம், மேகாலயா பக்கத்துக் காட்டு மரம், ஆலுக்கும் அரசுக்கும் சொந்தம், முற்றத்து அயினிப்பலாவுக்கும் சக்கை (பலா) மரத்துக்கும்கூடத் தூரத்து உறவு. ஒரு காலத்தில் இதிலும் பால் எடுத்தார்கள். 1870-களில் அசாமின் சார்துவாரில் ஆங்கிலேயர்கள் இதற்கென்று தோட்டமே போட்டார்கள். அடிக்கடி வெட்டினாலும் தாங்கி நிறையப் பால் தரும் ஹீவியா வந்த பிறகு, இது வீட்டு அலங்காரத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஜூன் 6

இரவெல்லாம் மழை. இந்த நாட்களில் தண்ணீர்க் குவளையை எடுப்பதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கிப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால் ஒரு சொட்டும் கிடையாது. வீட்டுக்குள் வளரும் ரப்பர் செடிகள் வாடிச் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். கீழ் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுவது அதன் முதல் அடையாளம். அதைப் பார்த்துவிட்டுத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

உச்சியில் புது இலை பிரிந்துகொண்டிருக்கிறது. சிவந்த, கூரான உறை ஒரு பக்கம் மட்டும் கீறி, உள்ளே சுருண்ட இலையின் வெண்பச்சை ஓரம் தெரிகிறது. நாளையோ மறுநாளோ உறை காய்ந்து தானாக விழும். அதை உரித்துவிடக் கை துறுதுறுக்கும், கூடாது. இளம் இலை கிழிந்தால் அந்தக் கிழிசல் கடைசிவரை இருக்கும்.

ஜூன் 9

இன்று பதியம் போட்டோம். காலையிலேயே ஆரம்பிக்கலாம் என்றேன்.

"எதுக்கு மக்களே காலைல? பால் ஓடிக்கிட்டே இருக்கும். உச்சி நேரத்துக்கு வெட்டு, கொறவாத்தான் வரும்" என்றார் அப்பா.

இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போன மனுஷர். விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாகப் பாயும். வெயில் ஏற ஏற இலை வழியாக ஈரம் போய் அழுத்தம் குறையும். அந்தக் கணக்கை அப்படியே ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

கணுவுக்குச் சற்றுக் கீழே, இலைகளை நீக்கிவிட்டு, ஒரு அங்குல அகலத்தில் பட்டையை வளையமாக எடுக்க வேண்டும். அப்பா தன் பழைய வெட்டுக்கத்தியைத் தீட்டி, மேலும் கீழும் இரண்டு கீறல் போட்டுப் பட்டையை உரித்தார். அதுவரை கை தயங்கவே இல்லை. அடியிலிருக்கும் வழுவழுப்பான படலத்தைக் கட்டை தெரியச் சுரண்டச் சொன்னதும் நிறுத்திவிட்டார்.

"தடியில கத்தி பட்டா மரத்துக்குக் காயமாக்கும்."

பால்வெட்டின் முதல் பாடமே அதுதான். பட்டையில் மெல்லிசாக ஒரு அடுக்கை விட்டு வெட்டினால்தான் புதுப்பட்டை வளர்ந்து பிறகும் வெட்ட முடியும். இங்கே வேண்டியது நேர் எதிர். அந்தப் படலத்தை விட்டுவைத்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. சொன்னேன். கொஞ்ச நேரம் தண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பைய, சுற்றிலும் ஒரே சீராகச் சுரண்டிக்கொடுத்தார். என் கையில் அந்தச் சீர் வந்திருக்காது.

கசிந்த பாலை ஈரத்துணியால் துடைத்தோம். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், பூனை நக்கினாலும் ஆகாது. ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை வளையத்தின் மேல் பொத்தி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இரண்டு முனையும் இறுக்கிக் கட்டியாயிற்று.

ஜூன் 12

மேல் இலைகள் கொஞ்சமும் வாடவில்லை. அம்மாவுக்கு ஆச்சரியம். தண்ணீர் ஏறுவது கட்டை வழியாக, அதை நாங்கள் தொடவில்லை. இலை சமைக்கும் உணவு இறங்குவதுதான் பட்டை வழியாக. இறங்கும் வழி அடைபட்டதால் அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும். வேர் அங்கேதான் கிளம்பும்.

ஜூலை 3

இலைக்காம்பு இடுக்கில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து துடைத்தேன். கூடவே இலைத்தூசியும் போனது.

ஜூலை 21

தாளுக்குள் வேர்! நார்த்தூளைத் துளைத்துக்கொண்டு சேமியா போல வெள்ளையாக நாலைந்து. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். மேகாலயாவில் காசி பழங்குடி மக்கள் இதே மரத்தின் வேரை, குடைந்த கமுகந்தடிக்குள் ஓடவிட்டு, ஓடையைக் கடக்கவைத்துப் பாலமாக வளர்ப்பதைச் சொன்னேன். "கமுகந்தடியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கு வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். எனக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் போதும். வேர் பழுப்பாகிக் கிளை பிரியட்டும்.

ஆகஸ்ட் 4

வேருக்குக் கீழே வெட்டிப் புதுத் தொட்டியில் வைத்தாயிற்று. செம்மண், மணல், தொழு உரம், நார்த்தூள். தொட்டி சின்னதுதான். பெரிய தொட்டியில் மண் காயவே காயாது. வேரைச் சுற்றிய நார்த்தூளை உதறவில்லை, உதறினால் இளவேர் ஒடியும். ஓரிரு இலையை எடுத்துவிட்டேன், அத்தனையையும் இந்த வேரால் தாங்க முடியாது.

ஆகஸ்ட் 25

தாய்த்தண்டில் வெட்டுக்குக் கீழே இரண்டு கணுவில் சிவப்பு முளை. இனி ஒற்றைக் கம்பாக நிற்காமல் கிளைத்து மரமாக நிற்கும்.

புதுச் செடி தக்கலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. அவளிடம் சொல்லிவிட்டேன்: ஜன்னலை ஒட்டிய வெளிச்சமான இடமாகப் பார்த்து ஒரே தடவையில் வை, வாரத்துக்கு ஒரு மூலை என்று மாற்றாதே. உச்சிவெயில் நேரடியாகப் படவேண்டாம். புது இலை ஒன்று முழுசாக விரியும்வரை உரம் போடாதே. அப்பா தன் பங்குக்கு, "மண்ணுல வெரல விட்டுப் பாத்துட்டு வெள்ளம் ஊத்தச் சொல்லு மக்களே" என்றார்.