ஓசூர் கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துவிட்டால் பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் எந்தத் தெருவிலும் ஒரே பேச்சுதான்: பையனைக் காலேஜில் சேர்ப்பதா, ஓசூர் கம்பெனிக்கு அனுப்புவதா. நான் ஓசூரில் டூல் ரூமில், அதாவது மெஷினுக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்கிற இடத்தில், வேலை பார்ப்பவன் என்பதால் எங்கள் தெருக்காரர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். இந்த முறை பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "பஸ்ஸு ஊருக்கே வருதாம், சாப்பாடு அங்கியே போடுறாங்களாம், மாசமானா கையில காசு. இதுக்கு மேல என்ன தம்பி யோசனை?"

என்ன கத்துக்கொடுப்பார்கள் என்று கேட்டீர்களா அக்கா என்றேன். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் ப்ளஸ் டூ முடித்த கையோடு காண்ட்ராக்டர் மூலமாக ஒரு கம்பெனிக்குப் போனான். பேர் டிரெய்னி. லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே ஸ்குரூவை முடுக்கினான். ஷிப்ட் மாறினாலும் ஓவர்டைம் போட்டாலும் அதே ஸ்குரூ. காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை எடுத்தார்கள். அப்புறம் வேறு இடத்தில் இண்டர்வியூவில் நுணுக்கமாக அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளவு சொல்லச் சொன்னபோது அவனுக்குத் தெரியவில்லை, அதுவரை அவன் அதைத் தொட்டதுகூட இல்லை. நல்ல கை உள்ள பையன். அவன் வீடு திரும்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதே ஓசூரில், அதே வயசுப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி வேறு ஒரு வழி இருக்கிறது. கம்பெனியிலேயே தொழில் பழகுகிற அப்ரண்டிஸ், அரசாங்கத் தாளில் தொழிற்பழகுநர் என்று இருக்கும். 1961-லேயே வந்த சட்டம். 14 வயசு முடிந்தவர்கள் சேரலாம், ஆபத்தான தொழில் என்றால் 18 ஆகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்ய வேண்டும். பிள்ளை மைனர் என்றால் அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்துப் போடுவார்கள், அதனால் படித்துப் பார்த்துப் போடுங்கள். எந்தத் தொழில், எத்தனை மாசம், ஸ்டைபெண்ட் என்கிற மாச உதவித்தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2019-இல் திருத்திய விதியில் பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தது மாசம் 6,000 ரூபாய், பன்னிரண்டாவது முடித்தவருக்கு 7,000 என்று வைத்தார்கள். தொழிற்பழகுநர் ஆலோசகர் என்கிற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு. கடைசியில் பரீட்சை எழுதிப் பாஸானால் நாடு முழுக்கச் செல்லும் தேசியச் சான்றிதழ் கிடைக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அப்ரண்டிஸ் தொழிலாளி கணக்கிலும் வரமாட்டார், பிஎஃப் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் வெளியே வரும்போது கையில் ஒரு தொழில் இருக்கும், ஃபிட்டர் என்றோ டர்னர் என்றோ சொல்லிக்கொண்டு எந்த ஊரிலும் போய் நிற்கலாம்.

30 பேர், அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம் எதுவானாலும், மொத்த ஆளில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது விதி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சுற்று வந்தால் இந்தக் கணக்கில் வருகிற கம்பெனிகள் எத்தனை இருக்கும் என்று பாருங்கள். சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி எல்லாம் தனி. ஸ்கூல் முடித்த பிள்ளைகளைத் தொழிலில் பழக்குவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1980-களில் டைட்டன் இங்கே வாட்ச் செய்ய ஆரம்பித்தபோது ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார்கள், வீட்டை விட்டு முதன்முதலாக வருகிறவர்கள் என்று ஓசூரில் குடும்பங்களோடு தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவ்வளவு அக்கறை எடுக்க முடிந்திருக்கிறது.

நான் ஆசைப்படுவது இதற்கும் ஒரு படி முன்னால். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும்போதே வாரத்தில் இரண்டு நாள் பட்டறையில் பழகட்டும். சுவிட்சர்லாந்தில் பதினைந்து, பதினாறு வயசில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனி, மீதி நாள் பள்ளி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1991-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, ஹைஸ்கூலின் கடைசி இரண்டு வருஷப் பிள்ளைகளுக்கு இதை நடத்துகிறது. நம்மிடமும் மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு 1978-லிருந்து இருக்கிறது, அடிப்படை இயந்திரவியல் என்று பாடமே உண்டு. மார்க் குறைந்த பிள்ளைகளை ஒதுக்குகிற குரூப்பாக அதைப் பல இடங்களில் ஆக்கிவைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இதைச் சொன்னாலே "மறுபடியும் குலக்கல்வியா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த திட்டம் அது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரை நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்ப்பு வெடித்தது, 1954-இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது, அதுதான் சரி. சின்னக் குழந்தையை அப்பன் தொழிலிலேயே கட்டிப்போடும் வேலை அது. நான் கேட்பது பதினாறு வயசுப் பிள்ளை தன் குடும்பத்தில் யாரும் பார்க்காத ஒரு தொழிலைத் தானே தேர்ந்தெடுப்பது, மேலே படிக்கும் கதவும் திறந்தே இருப்பது. இன்றைக்கே பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அப்ரண்டிஸ் பிள்ளைக்கும் அந்த ஏணியில் ஒரு படி வைக்கவில்லை என்றால் நானே இதை எதிர்ப்பேன்.

பாதுகாப்பிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களை ஓசூரில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். பதினெட்டு ஆகாத பிள்ளை பவர் பிரஸ் பக்கமே போக வேண்டாம். அரம் பிடிக்க, வெர்னியர் அளவுகோல் பார்க்க, டிராயிங் படிக்க, வெட்டின பீஸ் ஏன் அளவுக்கு வரவில்லை என்று கண்டுபிடிக்க, முதல் வருஷத்துக்கு இதுவே நிறைய. நைட் ஷிப்ட் கிடையாது. ஸ்கூல் வாத்தியார் ஒருவர் மாசத்துக்கு ஒரு தடவையாவது பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளையும் அசெம்ப்ளி லைனோடு நிறுத்திவிடாதீர்கள், டூல் ரூமுக்கும் மெயின்டனன்ஸுக்கும் விடுங்கள். பொறுமையும் நிதானமும் கேட்கிற வேலை அது, எங்கள் கம்பெனியில் கிரைண்டிங்கில் இருக்கும் பெண் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, எடுத்துத் தருகிறார்.

அக்காவின் பையனைத் தர்மபுரி பக்கத்துக் கடகத்தூர் அரசு ஐடிஐயில் விசாரிக்கச் சொல்லி அனுப்பினேன். அங்கே பஸ் பாஸ் உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாயும் கிடைக்கும். முடித்துவிட்டு அப்ரண்டிஸாக ஓசூர் வரட்டும்.

ஓசூரில் சின்ன யூனிட் நடத்துகிற அண்ணன்மார்களிடமும் ஒன்று கேட்கிறேன். 30 பேர் இல்லாவிட்டாலும் நாலு பேர் இருந்தாலே நீங்கள் விருப்பப்பட்டு அப்ரண்டிஸ் எடுக்கலாம், ஸ்டைபெண்டில் கால் பங்கு, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். ப்ளஸ் டூ முடிக்கப்போகிற இரண்டு பிள்ளைகளை இந்த வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள்.